தோள்பையில் கைத்துப்பாக்கி: டெக்சாஸ் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. இது நண்பர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து பிறந்தநாள் விழா, பொங்கல் விழா என்று எங்கே போனாலும் யாராவது ஓரமாக அழைத்துப்போய் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதில் பாதி, பையைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது பெரும்பாலும் டெக்சாஸுக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கும் பொருந்தும். சட்டங்கள் மாறும், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் தோள்பை ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?

பையைத் தாராளமாக வாங்குங்கள். துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் 15 வருடம் வரை சிறை. அதோடு விசாவும் போகும். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருக்குப் பணம் கொடுத்துக் கேளுங்கள், வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். சுடும் மைதானத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அலுவலகத்தில் கூட்டமாகக் கிளம்பிப் போகிறார்கள், அங்கே எடுத்த போட்டோவை முகநூலிலும் போடுகிறார்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் கதை வேறு. மீதிக் கேள்விகள் கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்கு.

இடுப்பில் வைப்பதுதானே வழக்கம்? பை எதற்கு?

உடைதான் காரணம். இடுப்பில் வைக்கக் கெட்டியான பெல்ட் வேண்டும், அதை மறைக்க மேலே தளர்வான சட்டை வேண்டும். சட்டையை உள்ளே விட்டு அலுவலகம் போகிறவருக்கு இது கஷ்டம். புடவை, சுடிதார் கட்டும் பெண்களுக்கு பெல்ட் என்ற பேச்சே இல்லை. மணிக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பில் குத்தும். முதுகுவலிக்காரர்களும் உண்டு. எப்படியும் சார்ஜர், தண்ணீர், மருந்து என்று ஒரு பை தோளில் தொங்கப்போகிறது, அதிலேயே இதையும் போட்டுவிட்டால் என்ன என்ற யோசனை இயல்பாக வரும்.

எனக்கும் வந்தது. நாலு மாதம் அப்படித்தான் போய்வந்தேன். ஏன் விட்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பையில் வைப்பது நல்லதா, கெட்டதா?

கடைசி வழி. உடம்போடு ஒட்டி வைக்க எந்த வழியும் இல்லையென்றால் மட்டும்.

யோசித்துப் பாருங்கள். வழிப்பறிக்காரன் முதலில் கேட்பது எதை? பையைத்தான். பயந்துபோய்க் கொடுத்துவிட்டால் துப்பாக்கியை நீங்களே அவன் கையில் வைத்த மாதிரி. கொடுக்காமல் இழுபறி செய்தால், வெறும் பைக்காக நடந்திருக்க வேண்டிய சண்டை துப்பாக்கிக்கான சண்டையாகிவிடும். இடுப்பில் இருப்பதை எங்கேயும் மறந்து வைத்துவிட்டு வர முடியாது. பையை முடியும்.

என் கதை அதுதான். ஒரு பிரியாணிக் கடையில் சாப்பிட்டுவிட்டு, பையை நாற்காலி முதுகில் மாட்டியபடியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். நெடுஞ்சாலையில் பன்னிரண்டு மைல் தாண்டிய பிறகுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. அன்று மைதானத்தில் சுத்தம் செய்யக் கொடுத்திருந்ததால் துப்பாக்கி பையில் இல்லை, லேப்டாப் மட்டும்தான். திரும்பிப் போனபோது கல்லாவில் இருந்தவர் பையைத் திறந்து, யாருடையது என்று பார்ப்பதற்காக எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து அடுக்கியிருந்தார். அவர் செய்தது நியாயம். ஆனால் அந்த மேசையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து சாமான் பையில், துப்பாக்கி இடுப்பில். கோயில் விசேஷத்துக்கு வேட்டி கட்டிப் போகிற நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்.

சரி, எனக்கு வேறு வழியில்லை. எந்த மாதிரிப் பை?

நம் ஊர் ஜோல்னா பை வேண்டாம். இலக்கியக் கூட்டத்துக்கு அது அழகு. இதற்கு ஆகாது.

பார்க்க வேண்டியவை: துப்பாக்கிக்கென்றே தனி அறை, அந்த அறைக்குத் தனி ஜிப், அந்த ஜிப்புக்குப் பூட்டு அல்லது பூட்டு மாட்ட வளையம். அறைக்குள் வெல்க்ரோ விரிப்பு இருந்தால் உறையை அசையாமல் ஒட்டி வைக்கலாம். பட்டை அகலமாக, உடம்புக்குக் குறுக்கே போடுகிற நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு தோளில் மட்டும் தொங்குகிற பை நழுவும், பறிக்கவும் எளிது. வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் அறை திறக்கும் பக்கம் மாறும். கடையில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தோற்றம் முக்கியம். மேக்ஸ்பெடிஷன், 5.11 போன்ற கம்பெனிகளின் பைகள் உறுதியானவைதான். ஆனால் காக்கி நிறம், உடம்பெல்லாம் வார்ப்பட்டை, மேலே கொடி ஒட்டிய பையைத் தோளில் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத் தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில், கல்லூரிப் பையன் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்றே போதும்.

இருக்கிற லேப்டாப் பையிலேயே ஒரு அறையில் போட்டுக்கொண்டால்?

கூடவே கூடாது. சாவிக்கொத்து, பேனா, சார்ஜர் வயர், குழந்தையின் கிரயான். இதில் ஏதோ ஒன்று ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்தால் போதும். நவீனத் துப்பாக்கிகள் பெரும்பாலும் தானாக வெடிக்காது, ட்ரிகரை ஏதாவது அழுத்தினால்தான் வெடிக்கும். அந்த 'ஏதாவது' விரலாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

துப்பாக்கி அறையில் துப்பாக்கி மட்டும். அதுவும் ட்ரிகரை முழுசாக மூடுகிற கெட்டியான உறைக்குள். தொளதொளத்த துணி உறை மடங்கி ட்ரிகரை அழுத்தும், அதனால் வார்த்த பிளாஸ்டிக் உறையே நல்லது. துப்பாக்கியை உறைக்குள் போடுவதும் எடுப்பதும் வீட்டில், பையை மேசைமேல் வைத்து. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அல்ல.

எந்தத் துப்பாக்கி?

இதைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், நான் அந்த ரகம் இல்லை. எடையை மட்டும் சொல்கிறேன். குளோக் 19 என்ற பிஸ்டல் தோட்டா நிரப்பினால் ஏறக்குறைய 850 கிராம். சிக் பி365 என்ற சின்னப் பிஸ்டல் வெறுமனே அரைக் கிலோ. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற ஐந்து தோட்டாச் சின்ன ரிவால்வர் 400 கிராம் சொச்சம். தோட்டாவை அடிக்கும் அதன் சுத்தி உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாமல் வெளியே வரும். அதனால்தான் பை, பாக்கெட் இரண்டுக்கும் பழைய ஆட்கள் இதையே சொல்வார்கள். பிஸ்டலுக்குச் சுடும்போது மேல்பகுதி பின்னால் போய்வர இடம் வேண்டும், பைக்குள் அது சிக்கிக்கொள்ளும். ஆனால் சின்ன ரிவால்வரின் ட்ரிகர் கடினம், குறி தப்பும், நிறையப் பழக வேண்டும்.

சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையில், தோட்டா ஏற்றி வைப்பதா?

பயிற்சியாளர்கள் பலர் ஏற்றித்தான் வைக்கச் சொல்வார்கள். ஆபத்து நேரத்தில் மேல்பகுதியை இழுக்க இரண்டாவது கை கிடைக்காது என்பது அவர்கள் வாதம். இடுப்பில் வைப்பவருக்கு அது சரி. பை என்றால் நான் தயங்குவேன். அது கீழே விழும், காலில் இடறும், யாராவது நகர்த்தி வைப்பார்கள். உங்கள் உறையின் மீதும் ஜிப்பின் மீதும் முழு நம்பிக்கை வரும்வரை காலியாக வையுங்கள்.

மற்றபடி பையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தினசரி கைகொடுப்பது இதுதான்.

சின்ன டார்ச் லைட். என் பையிலேயே அதிகம் வெளியே வருவது இதுதான், வாரத்துக்கு நாலு தரமாவது. பவர் பேங்க், இரண்டு வயர். டெக்சாஸ் ஆகஸ்டில் ஒரு லிட்டர் தண்ணீர் இல்லாமல் வெளியே இறங்குவது மடத்தனம். அப்பாவின் மாத்திரைப் பட்டியல், காகிதத்தில் எழுதியது. ஒரு மிளகுத் தெளிப்பான், அதுவும் கைக்கு எட்டும் வெளி அறையில். தெருநாயிலிருந்து குடிகாரன் வரை பெரும்பாலான தொந்தரவுகளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

அப்புறம் டூர்னிகெட். கை, காலில் பீறிடும் ரத்தத்தை இறுக்கி நிறுத்துகிற பட்டை. துப்பாக்கி வைத்திருப்பவர் இது இல்லாமல் வெளியே போவது எனக்குப் புரியாத விஷயம். ஓட்டை போடும் கருவி கையில் இருக்கிறது, ஓட்டையை அடைக்கும் கருவி இல்லை. கார் விபத்துக்கும் இதுவே உதவும். 2015-இல் தொடங்கிய 'ஸ்டாப் தி பிளீட்' இயக்கம் நாடு முழுக்க வகுப்புகள் நடத்துகிறது. அரைநாள்கூட ஆகாது. துப்பாக்கி வகுப்புக்கு முன் அதற்குப் போங்கள். டூர்னிகெட்டை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், போலிகள் நிறைய. இறுக்கும்போது அதன் கம்பி உடைந்துவிடும்.

இதெல்லாம் சேர்ந்தால் லேப்டாப் இல்லாமலே மூன்று கிலோ. தினமும் ஒரே தோளில் போட்டால் கழுத்து சொல்லிவிடும்.

பையிலிருந்து எடுத்துப் பழகுவது எப்படி?

முதலில் வகுப்பு. டெக்சாஸ் லைசென்ஸ் வகுப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரம், 3, 7, 15 கெஜத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். அதில் பையிலிருந்து எடுப்பதைச் சொல்லித் தரமாட்டார்கள். அதற்குத் தனியாக ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

பழக்கத்தில் எல்லாரும் செய்கிற தவறு ஒன்று. வலது கைக்காரர் பையை இடது பக்கம் முன்னால் இழுத்து, இடது கையால் ஜிப்பைத் திறந்து, வலது கையை உள்ளே விடுவார். எடுக்கும்போது துப்பாக்கியின் முனை சொந்த இடது முழங்கையைத் தடவிக்கொண்டு போகும், அல்லது பக்கத்தில் நிற்கிற மனைவியை. அதனால் வீட்டில், தோட்டா இல்லாத நீலப் பிளாஸ்டிக் பயிற்சித் துப்பாக்கியை வைத்து, கண்ணாடி முன் நூறு தரம் மெதுவாக. வேகம் எல்லாம் அப்புறம். ஜிப் சிக்கும், பை சுழலும், பட்டை கழுத்தை இழுக்கும். இடுப்பிலிருந்து எடுப்பதைவிட எவ்வளவு நேரம் கூடுகிறது என்று நீங்களே கடிகாரம் வைத்துப் பாருங்கள். பலர் அன்றோடு பையை விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பையை உயரத்தில் மாட்டிவிட்டால் போதுமா?

போதாது.

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலம், ஹேடன் என்ற ஊரின் வால்மார்ட் கடை. ஒரு இளம் தாய் கடைக்கு வந்திருக்கிறார், தள்ளுவண்டியில் இரண்டு வயது மகன். வண்டியிலேயே பை. துப்பாக்கிக்கென்றே செய்த பை அது, தனி அறை, ஜிப்பும் போட்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கணவர் வாங்கித் தந்தது. அந்தப் பெண்ணுக்கு லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கியோடு வளர்ந்தவர். அவர் துணி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பையன் ஜிப்பைத் திறந்துவிட்டான். ஒரே தோட்டா. தாய் அங்கேயே இறந்துபோனார்.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, மலிவான பை இல்லை, பழக்கமில்லாதவர் இல்லை. பை உடம்பில் இல்லை, அவ்வளவுதான். கைக்குழந்தையும் பையும் ஒரே வண்டியில் போகிற வயதில் உங்கள் பிள்ளை இருந்தால் பையில் துப்பாக்கி வேண்டாம் என்பதே என் பதில். துப்பாக்கியை உடம்போடு கட்டிக்கொள்ளும் வயிற்றுப் பட்டை மாதிரி மாற்று வழிகள் இருக்கின்றன, குர்தாவுக்கு உள்ளே அது தெரியாது.

வீட்டுக்குள் வந்ததும் வேறு எந்த வேலைக்கும் முன் துப்பாக்கி பெட்டகத்துக்குப் போக வேண்டும். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் துப்பாக்கி கிடைக்கும்படி கவனக்குறைவாக விடுவது டெக்சாஸில் குற்றம்.

அம்மா, அப்பா ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லணுமா?

சொல்லுங்கள். நம் அம்மாக்கள் பையைச் சும்மா விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில் கழுவ எடுப்பார்கள், அழுக்காயிருக்கே என்று மொத்தப் பையையும் வாஷிங் மெஷினில் போடுவார்கள். பி-2 விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். "அப்பா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க" என்று கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போகிற வழக்கமும் இனி வேண்டாம். பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவர்களுக்கு வேண்டியதில்லை.

உணவகத்தில், பொதுக் கழிப்பறையில் பையை என்ன செய்வது?

தோளிலிருந்து கழற்றக் கூடாது. உட்காரும்போது மடியில், பட்டை உடம்பில் இருந்தபடியே. நாற்காலி முதுகில் மாட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். கழிப்பறைக் கதவுக் கொக்கியும் அப்படித்தான், மேலே இருந்து ஒரு கை வந்தால் போச்சு.

காரிலேயே விட்டுவிட்டுப் போனால்?

திருடனுக்குப் பை தெரிந்தால் கண்ணாடி உடையும். 2017 முதல் 2021 வரை அமெரிக்காவில் தனிமனிதர்களிடமிருந்து திருடு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் பத்து லட்சத்துக்கும் மேல். விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் இருக்கையின் அடிச்சட்டத்தில் கம்பிவடம் போட்டுக் கட்டிய சின்னப் பெட்டகத்தில், பையிலிருந்து தனியாக எடுத்து வைத்து. அதையும் வாகன நிறுத்துமிடத்தில் எல்லாரும் பார்க்கச் செய்யாதீர்கள், கிளம்பும் இடத்திலேயே செய்துவிடுங்கள். அலுவலகம் உள்ளே தடுத்தாலும், பூட்டிய சொந்தக் காரில் வைத்திருக்க 2011 முதல் டெக்சாஸ் சட்டம் பெரும்பாலான ஊழியர்களுக்கு இடம் கொடுக்கிறது.

2021-இலிருந்து டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாமே?

ஆமாம், அந்த வருடம் செப்டம்பர் 1 முதல். ஆனாலும் எடுங்கள். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம், மாநில லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் அதில் விலக்கு. ஊருக்குள் 1000 அடிக்குள் ஒரு பள்ளியைத் தாண்டாமல் எங்கே போக முடியும்? பல மாநிலங்கள் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன என்பது இன்னொரு லாபம்.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது?

பட்டியல் நீளம். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மட்டும்: சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளி. வாடகைக்கு எடுத்த கட்டடம் என்றாலும் அது பள்ளிக் கட்டடம்தான், உள்ளே கூடாது. தபால் நிலையம், அதன் வாகன நிறுத்தம் உட்பட, கூட்டாட்சி விதி தடுக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும் நீங்கள் அடுத்த வழக்காக வேண்டாம். நீதிமன்றம், வாக்குச்சாவடி. சிவப்பில் '51%' என்று பெரிதாகப் போட்ட மதுக்கூடம். வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் '30.06' என்று எழுதிய பலகை இருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துக் கொண்டுபோக முடியாது, '30.05' லைசென்ஸ் இல்லாதவருக்கு. கோயில் வாசலையும் பாருங்கள்.

போலீஸ் காரை நிறுத்தினால்?

இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். பை பக்கத்து இருக்கையில் இருந்தால் அதன் பக்கம் திரும்பவே வேண்டாம். அதனால்தான் ஓட்டுநர் உரிமமும் துப்பாக்கி லைசென்ஸும் பைக்குள் இருக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். பை எங்கே, துப்பாக்கி எங்கே என்று வாயால் சொல்லுங்கள், கையால் காட்டாதீர்கள். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும்.

கனெக்டிகட் தங்கை வீட்டுக்கு நியூயார்க் வழியாகக் காரில் போகிறோம். துப்பாக்கியைக் கொண்டுபோகலாமா?

துப்பாக்கியை வீட்டில் வையுங்கள். நியூயார்க் வெளிமாநில லைசென்ஸ் எதையும் ஏற்பதில்லை. 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் கடந்துபோகிறவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் தோட்டா இறக்கி, கைக்கு எட்டாதபடி டிக்கியில் இருக்க வேண்டும். தோளில் தொங்கும் பை அந்தக் கணக்கில் வராது.

விமானத்தில்? சென்னைக்கு?

2024-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில், "பையில் இருந்ததையே மறந்துட்டேன்." அபராதம் பத்தாயிரம் டாலரைத் தாண்டலாம். உள்நாட்டுப் பயணத்துக்கு முறையான வழி இருக்கிறது: தோட்டா இறக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் கவுண்டரிலேயே சொல்லி, சரக்குப் பெட்டியாக அனுப்புவது.

சென்னை என்றால் துப்பாக்கியைவிட ஒற்றைத் தோட்டாவுக்குப் பயப்படுங்கள். மைதானத்துக்குக் கொண்டுபோன பையின் ஓரத்தில் தங்கிய ஒரே ஒரு தோட்டா, இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்வது உண்டு. ஆனால் அதுவரை பாஸ்போர்ட், விடுமுறை, வேலை எல்லாம் அந்தரத்தில் தொங்கும். எனவே மைதானத்துக்குப் போன பை ஊருக்கு வரக் கூடாது. தட்டி, உதறி, துவைத்துப் பார்த்துவிட்டேன் என்றாலும் கூடாது. என் வீட்டில் ஊருக்குப் போகும் பெட்டிகள் மாடி அறையில், மைதானத்துப் பை கராஜில். இரண்டும் ஒரே அறையில் ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை.